ஆமா, பார்த்துக்கொள்கிறேன்

கவென்ட்ரி
2 ஜனவரி 1987

அபினா,

கடைக்குப் போன் பண்ணாதே, முதலாளி முகம் சுளிக்கிறார் என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். புத்தாண்டு வாழ்த்து. உன் அத்தான் ரெஜ்ஜும் சொல்லச் சொன்னார்.

விஷயம் இதுதான். அப்பா வீடு இந்த மாதம் முப்பதாம் தேதிதான் கைமாறுகிறது. அதுவரை பூட்டித்தான் கிடக்கும். இங்கே குளிர் ஏறிக்கொண்டே போகிறது, தண்ணீர் உறைந்தால் குழாய் வெடித்துவிடும். இந்தத் தடவை உங்கள் பக்கமும் வரலாம் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். கார்க் ஊர்க்காரர்கள் யாரும் நம்பமாட்டீர்கள். டிசம்பரிலும் மழைக்கோட்டோடு திரிகிற ஊர் அது. வாசலில் பனை வளர்க்கிற ஊர். தண்ணீர்க் குழாயை வெளிச்சுவர் மேலே ஓடவிட்டு வீடு கட்டுகிற கூத்து வேறெங்கே நடக்கும்?

சாவி ஒன்று உன்னிடம்தானே இருக்கிறது. பின்சுவரில் ஏறுகிற குழாய் முழுக்கக் கம்பளிப் பட்டை சுற்று, வளைவுகளில் இரண்டு சுற்று. பரணில் இருக்கும் தொட்டிக்குப் பழைய போர்வையைக் கட்டி, மேலே பலகை போட்டு மூடு. தொட்டிக்கு அடியில் மட்டும் ஒன்றும் திணிக்காதே, கீழிருந்து ஏறுகிற சூடுதான் அதைக் காப்பாற்றும். பரண் கதவு திறந்தே இருக்கட்டும். தினம் ஒரு தடவை போய்ப் பின்கட்டு அடுப்பில் கரி போட்டு மூட்டிவிட்டு வா. ரொம்ப மோசமானால் மெயின் வால்வை மூடி, எல்லாக் குழாயையும் திறந்து தண்ணீரை வடித்துவிடு. ஹார்டுவேர் கடையில் பன்னிரண்டு வருஷம் நின்றவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

வாங்குகிறவர் பல் டாக்டர். ஒரு விரிசலைப் பார்த்தாலும் பின்வாங்கிவிடுவார் என்று வக்கீல் க்ரீடன் பயமுறுத்துகிறார். நீ குடிபோன அந்த இரண்டு அறை உனக்கு இதற்குள் பழகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

செய்வாயா, மாட்டாயா? ஒரு வார்த்தை எழுதிப் போடு.

ஹனோரா


கார்க்
6 ஜனவரி

ஹனோரா அக்காவுக்கு,

உன் கடிதம் இன்றைக்கு வந்தது. இன்றைக்கு என்ன நாள் என்று ஞாபகம் இருக்கிறதா? பெண்கள் கிறிஸ்துமஸ். இன்று இந்த ஊரில் எந்தப் பெண்ணும் துடைப்பத்தைத் தொடமாட்டாள், ஆண்கள்தான் சமைத்துக் கழுவ வேண்டும். நாங்கள் ஆறு பேர் கீழ்வீட்டு லிசி காஃபியின் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவள் புருஷன் தேநீர் என்று ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். மிச்சமிருந்த மசாலா மாட்டிறைச்சியை அவனே கோணல்மாணலாக வெட்டி வைத்தான். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் உன் வேலைப் பட்டியலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். லிசி எட்டிப் பார்த்தாள்.

"யாரு, கவென்ட்ரி மகாராணியா? நல்ல நாள் பாத்துதான் வேலை குடுத்திருக்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

இரண்டு அறை பழகிவிட்டதா என்று கேட்டாய். அலமாரி வாசலில் நுழையாததால் மாடிப்படி நடையில் நிற்கிறது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் அதன் மேல் குடையை மாட்டுகிறார்கள். சன்னலைத் திறந்தால் பீர் ஆலை வாடை. பதினோரு வருஷம் காலையில் ஐந்தரைக்கு எழுந்து அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்துப் பழக்கமாகிவிட்டது. இப்போதும் ஐந்தரைக்கு விழித்துக்கொள்கிறேன். யாரைத் திருப்புவது?

நவம்பர் இருபத்தெட்டுக்குள் காலி செய் என்று வக்கீலை விட்டுச் சொன்னாய். உன் கையால் ஒரு வரி எழுத உனக்கு மனசு வரவில்லை. குழாய்க்குப் பட்டை சுற்ற மட்டும் இரண்டு பக்கம் எழுத முடிகிறது. நீ என்னை வெளியே அனுப்பிய வீட்டுக்கு நான் தினம் மேட்டுத் தெரு ஏறிப்போய் அடுப்பு மூட்ட வேண்டும், பல் டாக்டருக்குப் பாதம் சில்லிட்டுவிடக் கூடாது. அப்படித்தானே?

ஒரு வார்த்தை கேட்டாய். சொல்லிவிட்டேன்:

ஆமா, பார்த்துக்கொள்கிறேன்.

அபினா


கவென்ட்ரி
10 ஜனவரி

அன்புள்ள அபினா,

உன் கடிதம் வந்து மனசு லேசாயிற்று. கோபமாகத்தான் எழுதியிருக்கிறாய், எழுதிவிட்டுப் போ. கடைசியில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாயே, அதுதான் என் தங்கை. ரெஜ்ஜுக்குப் படித்துக் காட்டினேன். "நல்ல பொண்ணுன்னு நான் அப்பவே சொல்லல?" என்றார்.

இங்கே பால் பாட்டிலுக்குள் பால் உறைந்து மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. காற்று மேற்கே போகிறது என்று இப்போது உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். நீ பட்டை சுற்றியிருப்பாய் என்ற தைரியத்தில் இருக்கிறேன். அடுப்பை மட்டும் ஒருநாளும் விட்டுவிடாதே.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன்.

அக்கா
ஹனோரா


கார்க்
15 ஜனவரி

ஹனோராவுக்கு,

குளிர் வந்துவிட்டது. உன் ரேடியோக்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை மேட்டுத் தெரு முழுக்க வழுக்கல். காலணிக்கு மேல் ஆம்பளைக் காலுறையை இழுத்து மாட்டிக்கொண்டு பெண்கள் பூசைக்கு இறங்கினார்கள். வீட்டுக்கு வீடு அடுப்புச் சாம்பலைத் தெருவில் கொட்டி வழி செய்தோம். பெரிய கல்யாண வீட்டுக் கூட்டம் எங்கள் கடையில். இந்த ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது, அக்கா. ஒருத்தர் தொட்டியில் உப்பைப் போடலாமா என்று கேட்கிறார். லிசியின் புருஷன் குழாயை நெருப்பு காட்டி இளக்கப் போய்ச் சன்னல் திரையைக் கொளுத்திக்கொண்டான். நான் கல்லா மேஜை மேல் ஏறி நின்று, வளைவில் இரண்டு சுற்று, தொட்டிக்கு அடியில் திணிக்காதே, பரண் கதவைத் திற என்று தொண்டை வறளக் கத்தினேன். எங்கள் சந்தில் பதினான்கு வீடு. பதினான்கிலும் நானே போய்ச் சுற்றிக் கொடுத்தேன். ஒரு வீட்டில்கூடக் குழாய் வெடிக்கவில்லை.

மண்ணெண்ணெய் புதன்கிழமையே தீர்ந்துவிட்டது. வரிசையில் நின்ற லிசி முதலாளி டூமியிடம், "நாளைக்காவது வந்துடுமா?" என்று கேட்டாள். "ஆமா, வந்துடும்," என்றார் அவர். வரிசை முழுக்க ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் கலைந்து போயிற்று.

உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டு தடவை படித்தேன். பதில் எழுத ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதினேன், அதுவும் சரியாக வரவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

அபினா


கவென்ட்ரி
22 ஜனவரி

அபினா,

வக்கீல் க்ரீடன் சலவைக்கூடத்துக்கே போன் பண்ணிவிட்டார். ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி எல்லோர் முன்னாலும் நின்று கேட்டேன்.

திங்கட்கிழமை வெயில் வந்து இளகியதும் தொட்டி பிளந்து கொட்டியிருக்கிறது. முன்னறை உள்கூரை மொத்தமாகத் தரையில் விழுந்து கிடக்கிறதாம். பின்சுவர்க் குழாய் மூன்று இடத்தில் வெடித்திருக்கிறது. பல் டாக்டரும் அவர் மனைவியும் திரைத்துணிக்கு அளவெடுக்க வந்தவர்கள், கதவைத் திறந்து முழங்கால் நனைய நின்றார்களாம். அன்றைக்கே கையை விரித்துவிட்டார்கள். விற்பனை போயிற்று.

குழாயில் ஒரு முழம் பட்டை இல்லை. அடுப்பில் ஒரு பொட்டுச் சாம்பல் இல்லை. நீ அந்த வீட்டுக்குள் கால் வைக்கவே இல்லை. வழியில் வழுக்கல், ஏற முடியவில்லை என்று மட்டும் புளுகாதே. க்ரீடனின் குமாஸ்தா இன்னொன்றும் சொன்னார். "வாசல்ல இருக்கிற பனைக்கு மட்டும் யாரோ அழகா கம்பளிப் பட்டை சுத்திவிட்டிருக்காங்கம்மா. 'விற்றாயிற்று'ன்னு அடிச்ச பலகையோட சேத்துச் சுத்தியிருக்காங்க," என்றார். அதை அடித்த கை யாருடையது என்று தெரியாது, சுற்றிய கை யாருடையது என்று எனக்குத் தெரியும். வளைவில் இரண்டு சுற்று, இல்லையா?

பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட் வரை போயிருக்கிறாய். சாவியும் பையில் இருந்திருக்கும். மரத்துக்குச் சுற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறாய். பதினான்கு வீட்டைக் காப்பாற்றினேன் என்று எனக்கே எழுதிப் பெருமையடிக்கிறாய்.

பார்த்துக்கொள்கிறேன் என்றாயே. எழுதித் தந்தாயே! அந்தக் காகிதம் இங்கே என் முன்னால் இருக்கிறது. முடியாது என்று சொல்லியிருந்தால் க்ரீடனை விட்டு ஒரு ஆளை வைத்திருப்பேன். என்னை நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாய். கூடப் பிறந்தவள் செய்கிற காரியமா இது?

ஹனோரா


கார்க்
27 ஜனவரி

ஹனோராவுக்கு,

அந்தக் காகிதம் உன் முன்னால்தானே இருக்கிறது? எடு. வாய்விட்டுப் படி.

நான் 'பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதவில்லை. 'ஆமா, பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதினேன். நம் ஊரில் செய்கிறேன் என்றால் செய்வார்கள். ஆமா, செய்கிறேன் என்றால் செத்தாலும் செய்யமாட்டார்கள். மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட இது தெரியும். "பல்லு தேச்சியா?" "ஆமா, தேச்சேன்." அம்மா எழுந்து வந்து முதுகில் ஒன்று வைப்பாளே, மறந்துவிட்டதா? டூமியின் வரிசை ஏன் சிரித்தது என்று நினைத்தாய்? நான் முடியாது என்றுதான் சொன்னேன். இந்த ஊரில் முடியாது என்பதை எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொன்னேன்.

நீ நன்றி சொல்லி எழுதியபோதுதான் உனக்குக் காது கேட்கவில்லை என்று புரிந்தது. அன்றைக்கு நான் க்ரீடன் அலுவலகத்துக்கு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கிழித்துப் போட்ட காகிதம் இரண்டிலும் அதைத்தான் எழுதியிருந்தேன். அது என் தப்பு, அதை யார் மேலும் போடமாட்டேன்.

பனை விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றாம் தேதி, பத்துக் கெஜம் பட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறினேன். ஆத்திரத்தில் எழுதிவிட்டோம், தண்ணீருக்கும் தொட்டிக்கும் நம் சண்டை எப்படித் தெரியும் என்று நினைத்துத்தான் ஏறினேன். கேட்டில் நின்றேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த வருஷம் நான் நட்ட மரம் அது. அதன் உடம்பில் நாலு ஆணி அடித்துப் பலகை தொங்கவிட்டிருந்தார்கள். அதைத் தாண்டி வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. கையில் இருந்ததை மரத்துக்குச் சுற்றினேன். அது ஒன்றுதான் அங்கே என்னுடையது.

இப்போது நீ ஒன்றுக்குப் பதில் சொல்.

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்று, பின்கட்டில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். நீ துடைத்துக்கொண்டிருந்தாய். உயிலில் வீடு உன் பேருக்கு என்று அன்று காலைதான் தெரிந்தது. நான் திரும்பாமலே கேட்டேன். "அக்கா, நான் இங்கேயே இருந்துக்கலாமா? என்னை இருக்க விடுவியா?"

நீ என்ன சொன்னாய்?

"ஆமா, விடறேன்."

அந்த வாரம் முழுக்க நீ இங்கிலாந்துக்காரி மாதிரி வாயைக் குவித்துப் பேசுகிறாய் என்று கேலி பண்ணியிருந்தேன். இருபத்துநாலு வருஷத்தில் இவளுக்கு நம் பேச்சு மறந்துபோயிற்று, ஆமா என்றால் ஆமாதான் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்குப் போர்வை நனைய அழுதேன், சந்தோஷத்தில். அக்கா வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று லிசியிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். ஏழு மாதம் கழித்து வக்கீல் கடிதம் வந்தபோது அவள்தான் கேட்டாள். "அவ என்ன வார்த்தை சொன்னா? அப்படியே சொல்லு." சொன்னேன். அவள் என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்த வெட்கத்தை நான் எங்கே கொண்டுபோய் வைக்க?

உனக்கு மறந்துபோயிருந்ததா, இல்லையா? அதை மட்டும் சொல்.

அபினா


கவென்ட்ரி
3 பிப்ரவரி

அபினா,

மறக்கவில்லை.

இந்த ஒரு சொல்லை எழுத மூன்று நாள் ஆயிற்று. மறந்துபோயிற்று என்று எழுதினால் எல்லாம் சரியாகிவிடும், எழுதியும் பார்த்தேன். ரெஜ் வாங்கிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

நான் அன்று நம் ஊர்ப் பேச்சைத்தான் பேசினேன். அதற்கு முதல்நாளே க்ரீடனிடம் விற்பதைப் பற்றிக் கேட்டாகிவிட்டது. நீ கேட்டபோது முடியாது என்று உன் முதுகைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆமா போட்டுச் சொன்னேன். நீ வேறு மாதிரி எடுத்துக்கொள்வாய் என்று தெரியும். திரும்பி ஈரக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாய். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

போன பிப்ரவரியில் ரெஜ்ஜுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. அப்பா சாவுக்கு அவர் வராதது வேலையால் அல்ல. வலது பக்கம் இன்னும் சரியாக வரவில்லை, மாடிப்படி ஏற முடியாது. கட்டிலைக் கீழே சன்னலோரம் போட்டிருக்கிறேன். வீட்டை விற்றால் படியில்லாத இடமாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லியிருந்தால் "வித்துடு அக்கா" என்று நீயே சொல்லியிருப்பாய். அது தெரிந்துதான் சொல்லவில்லை. பதினோரு வருஷம் அப்பாவிடம் நல்ல பெயர் வாங்கினவள் நீ. இதிலும் நல்லவளாகிவிடுவாய் என்று எனக்குப் பொறுக்கவில்லை. இப்படி ஒரு புத்தி எனக்கு இருப்பதே இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

குழாயில் பட்டை சுற்றினாயா என்று உன்னைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

க்ரீடனுக்கு எழுதிவிட்டேன். வீடு உன் பேருக்கு மாறும். கூரை இல்லாத வீடு, தெரியும். இதை வைத்து நான் செய்தது இல்லையென்று ஆகிவிடும் என்று நினைக்கவில்லை. பத்திரம் வரும், கையெழுத்துப் போடு.

அபினா, என்னை மன்னிப்பாயா? ஒரு வார்த்தை எழுது.

ஹனோரா


கார்க்
9 மார்ச்

ஹனோராவுக்கு,

பத்திரம் வந்தது. கையெழுத்துப் போட்டேன். வேண்டாம் என்று ரோஷமாகத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று நினைத்தாயானால் உனக்கு ஏமாற்றம்தான். அது என் வீடு.

போன வாரம் குடி வந்துவிட்டேன். சந்துக்காரர்கள் பதினான்கு வீட்டிலிருந்தும் ஆள் வந்தார்கள். விழுந்த கூரைச் சாந்தை வாளி வாளியாக வெளியே அள்ளினோம். லிசியின் புருஷனைத் தீப்பெட்டி பக்கம் போகவிடவில்லை. தொட்டி புதுசு. அடியில் ஒன்றும் திணிக்கவில்லை. குழாயைச் சுவருக்கு உள்ளே கொண்டுவந்துவிட்டோம். இந்த ஊர் சிரிக்கிறது. இனிமேல் அப்படிக் குளிர் எங்கே வரப்போகிறது என்கிறார்கள். சிரிக்கட்டும், நான் ஒருமுறை நம்பிப் பட்டவள்.

பனை பிழைத்துவிட்டது. பட்டையைப் பிரித்தேன். பலகையைக் கழற்றிவிட்டேன். ஆணி நாலையும் பிடுங்கவில்லை, பிடுங்கினால் உள்ளே தண்ணீர் இறங்கும் என்று டூமி சொல்கிறார்.

ரெஜ்ஜைப் பற்றி நீ சொல்லாமல் விட்டதற்கு உன்னை அறைய வேண்டும். அந்த மனுஷன் என்ன பாவம் செய்தான்? இங்கே பின்னறை கீழேயே இருக்கிறது. அப்பாவின் கட்டில் அதில்தான். திருப்பிப் படுக்க வைக்க எனக்குத் தெரியும், ஐந்தரைக்கு எப்படியும் விழித்துக்கொள்கிறேன். கோடையில் அவரை அழைத்து வா. வாசல் படி ஒன்றே ஒன்று, அதற்குப் பலகை போட்டுச் சரிவாக்கிவிட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீயும் வரலாம்.

ஆனால் நீ கேட்டது அதையல்ல. ஒரு வார்த்தை கேட்டிருக்கிறாய். வாய்விட்டுப் படி. கவென்ட்ரிக் குரலில் படிக்காதே, நம் குரலில் படி.

ஆமா, மன்னிக்கிறேன்.

அபினா